அட்டைப்படம் தேடி அரியலூருக்கு

மெல்லிசைப் பத்திரிகைக்கு அட்டை போட அரியலூர்ப் பக்கம் போவானேன் என்றுதானே கேட்கிறீர்கள்? நண்பரின் பத்திரிகைக்காக நான் வரைந்த மாதிரியில் பாடகியின் முகம்தான் முழுக்க முழுக்க. தபேலாக்காரருக்கும் வயலின்காரருக்கும் இடமே இல்லை. "சட்டத்துக்குள் கூட்டத்தை அடக்கும் வித்தையைக் கங்கைகொண்ட சோழபுரத்தில் போய்ப் பாருமேன்" என்றார் ஓர் ஓவியர்.

பெரம்பலூரில் பஸ் ஏறினேன். சிமெண்டு லாரிகளின் புழுதியைக் குடித்துக்கொண்டு, அரியலூர், ஜெயங்கொண்டம் தாண்டிப் போய்ச் சேர்ந்தேன். முதலாம் இராஜேந்திர சோழன் 11-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயில். 2004-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

நீங்கள் போனால், விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். தெற்குச் சுவரில் ஆடவல்லானைப் பாருங்கள். மாடம் நம் அட்டையைப் போலவே குறுகலானதுதான். நடுவே அவர் ஆடுகிறார். காலடியில் எலும்பும் தோலுமாய்க் காரைக்கால் அம்மையார், கையில் தாளத்தோடு. அருகே வாத்தியம் வாசிக்கும் பூதகணங்கள். உருவம் என்னவோ சிறிதுதான். ஆனால் ஆட்டக்காரருக்காக வாசிப்பவர்களைச் சிற்பி வெளியே நிறுத்தவில்லை!

கோயில் புல்தரையிலேயே உட்கார்ந்து ரப்பரை எடுத்தேன். பாடகியின் முகம் பாதியாயிற்று. கீழே வாத்தியக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

"இது விற்காதே, ஐயா!" என்று நண்பர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

தபேலாக்காரர் மட்டும் பத்துப் பிரதிகளுக்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.