சும்மா ஓடுறது

யாழ்ப்பாணத்தில் வெளிக்கிட்டுப் போகிற ஆளைப் பார்த்து "எங்க போறியள்?" என்று கேட்கக் கூடாது. போற காரியம் சரிவராது என்று ஒரு நம்பிக்கை. அதனால் "துலைக்கே?" என்று கேட்பினம். தூரத்துக்கோ என்று அர்த்தம். கேள்வி அதேதான், கொஞ்சம் சுத்தி வளைச்சுக் கேக்கிறது. சந்தைக்கு, கோயிலுக்கு, செத்த வீட்டுக்கு, பாங்குக்கு என்று எல்லாரிடமும் ஒரு பதில் இருக்கும். கலியாணம் கட்டி இரண்டாம் வருசம் நாங்கள் ஒரு பழைய பல்சர் 150 வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் விடியக் காலமை இரண்டு பேருமாக வெளிக்கிடத் தொடங்கின பிறகு எங்களிடம் மட்டும் பதில் இல்லாமல் போச்சு. "சும்மா ஒரு ஓட்டம்" என்று சொன்னால் ஒழுங்கையில் ஒருத்தரும் நம்பேல்லை. பக்கத்து வீட்டு அன்ரி, நாங்கள் பிள்ளை வரம் கேட்டுக் கோயில் கோயிலாகத் திரியிறம் என்று முடிவு கட்டிப்போட்டா. அது எங்களுக்கு வசதியாகத்தான் இருந்தது, திருத்தப் போகேல்லை.

குடாநாட்டில் மோட்டச்சைக்கிள் இல்லாத வீடு குறைவு. ஆனால் அது மண்வெட்டி மாதிரி ஒரு சாமான். காஸ் சிலிண்டர் ஏத்த, வெங்காய மூட்டை ஏத்த, அம்மாவை ஒரு பக்கமாக இருத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, இரண்டு பிள்ளைகளை ரியூசனில் இறக்க. வேலை இல்லாமல் அதில் ஓடுறவன் தறுதலை. அந்த எண்ணத்துக்கும் காரணம் இருக்கு. வாள்வெட்டுக் கதைகள் கூடியிருந்த வருசங்களில், பின்னேரம் இரண்டு பெடியள் ஒரு சைக்கிளில் முறுக்கிக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்தால் சனம் கேற்றைச் சாத்தினது எங்களுக்கும் நினைவிருக்கு.

பிறகு பெற்றோல். 2022 ஆடியில் கியூஆர் முறை வந்தபோது மோட்டச்சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். வேலைக்குப் போய் வந்தாலே முடிஞ்சுது. ஷெட்டில் வெயிலுக்குள் வரிசையில் நிண்ட அந்த நாட்களில்தான், தேவை ஒன்றும் இல்லாமல் ஒரு ராங் பெற்றோலை ஓடி முடிக்க வேணும் என்ற ஆசை எங்களுக்கு வந்தது. இல்லாத நேரத்தில் வருகிற ஆசைதானே. இறக்குமதி வேறு 2020 பங்குனியிலிருந்து மறிச்சிருந்தது, 2025 மாசியில்தான் திரும்பத் திறந்தது. இடையில் பழைய சைக்கிள்கள் புதுச் சைக்கிளின் விலைக்கு மேல் போச்சு. எங்கட பல்சர் அந்த விலையில் வாங்கினது. ராங்கில் ஒரு நசுங்கல் இருக்கு, அதைத் தட்டி எடுக்காமல் வைச்சிருக்கிறம்.

எங்களில் ஒராளுக்கு ஏஎல் படிக்கேக்கையே கியர் சைக்கிள் ஓடத் தெரியும். மற்றாளுக்கு ஸ்கூட்டி மட்டும். இந்த 'மற்றாள்' ஆர் என்று நீங்கள் ஊகிச்சிருப்பீங்கள், ஊகம் சரிதான். கிளச்சும் கியரும் பழகின இடம் கோயில் வீதி. மத்தியானப் பூசை முடிஞ்சு நடை சாத்தின பிறகு அங்க ஆளில்லை. அரைக் கிளச்சில் சைக்கிளை நடக்கிற வேகத்துக்குக் கொண்டுவந்து, கால் நிலத்தில் முட்டாமல் எட்டுப் போடுறது. வேகமாக ஓடுறதை எவனும் ஓடுவான், மெல்ல ஓடுறதுதான் ஓட்டம் என்று அங்கதான் விளங்கினது. கண் எங்க பாக்குதோ சைக்கிளும் அங்கதான் போகும். குழியைப் பாத்தால் குழிக்குள். திரும்ப வேண்டிய இடத்தைப் பாத்தால் உடம்பு தானாகச் சாயும். பின்னுக்கு இருக்கிறதும் ஒரு வேலை. ஓடுற ஆள் சாயேக்க கூடச் சாய வேணும், பயத்தில் எதிர்ப்பக்கம் நிமிர்ந்தால் சைக்கிள் திரும்பாது. நூறு சீசீக்கு மேல் என்றபடியால் லைசன்சும் வேற வகுப்பு, அதையும் எடுத்தாச்சு. பிறகு எங்களுக்குள் ஒரு ஒழுங்கு: போகேக்க ஒராள், வரேக்க மற்றாள்.

இந்த 'வரேக்க'தான் ஊருக்குப் பிரச்சினை. பொம்பிளை கைபிடிக்க ஆம்பிளை பின்னுக்கு இருக்கிறதைக் கண்டால் சனம் திரும்பித் திரும்பிப் பாக்குது. புங்குடுதீவுப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடையில் ஒரு ஐயா உண்மையான அக்கறையோடு கேட்டார்: "தம்பிக்குக் கையில ஏதும் வருத்தமோ?" இல்லை ஐயா, இவ என்னைவிட நல்லா ஓடுவா என்று சொல்ல, அவர் அதைப் பகிடி என்று எடுத்துச் சிரிச்சார். இத்தனைக்கும் 1990களில் இயக்கப் பெண்கள் சீருடையோடு இதே வீதிகளில் மோட்டச்சைக்கிள் ஓடினதை நேரில் கண்ட தலைமுறை அது. போருக்குப் போற பொம்பிளை ஓடினால் ஆச்சரியம் இல்லை, பொழுதுபோக்குக்கு ஓடினால்தான் ஆச்சரியம்.

சரி, ஓட்டத்துக்கு வருவம். மலைநாட்டுப் பக்கம் ஓடிப் பழகின ஆக்கள் குடாநாட்டைச் சப்பென்று இருக்குது என்று சொல்லுவினம். ஏற்றமில்லை, இறக்கமில்லை, கொண்டை ஊசி வளைவில்லை. ஆனையிறவுப் பக்கத்தைத் தவிர்த்து எங்க முறுக்கினாலும் ஒரு மணித்தியாலத்துக்கு இடையில் கடல் வந்து மறிச்சுப்போடும். ஆனால் எங்களுக்கு மலைக்குப் பதிலாகக் காத்து இருக்கு. பண்ணைப் பாலத்தில் ஏறினதும் ரெண்டு பக்கமும் களப்பு, மறைப்பு ஒன்றும் இல்லை. சோளகம் பெயர்ந்த காலத்தில், அதுவும் ஆனி ஆடியில், முகத்திலயும் இடப்பக்கத்திலயும் அடிச்சுக்கொண்டே வரும். ஒரு பஸ் எதிர்த்து வந்தால் காத்து ஒரு கணம் நிண்டு, அது கடந்ததும் அறைஞ்ச மாதிரித் திரும்பி வரும். அதுக்கு ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்கிறதில் பலனில்லை. முழங்காலால் ராங்கைப் பிடிச்சுக்கொண்டு தோளையும் கையையும் தளர விடோணும், சைக்கிள் தன்ரபாட்டில் ஆடி நேராகும். வாடைக் காலத்தில் அதே பாலம் வேற மாதிரி. மாரி விட்டு, தை பிறந்து, களப்பில் தண்ணி நிறைஞ்சு கிடக்க விடியக் காலமை வீச்சுவலைக்காரர் இடுப்பளவு தண்ணியில் நிண்டுகொண்டிருப்பினம். எங்களைக் கேட்டால் தையும் மாசியும்தான் இங்க ஓடுற காலம்.

எங்கட விருப்பமான சுத்து ஒன்று இருக்கு. பண்ணையால் வேலணை போய், ஊர்காவற்றுறைக்கு ஏறி, அங்கயிருந்து பாதையில் காரைநகருக்குக் கடக்கிறது. வெளியூர் ஆக்களுக்கு விளங்காது: இங்க 'பாதை' என்பது சனத்தையும் சைக்கிளையும் ஏத்திக் கடல் கடக்கிற மிதவை. இரும்புத் தட்டில் மோட்டச்சைக்கிளை உருட்டி ஏத்தி, ஸ்ராண்டைப் போட்டு, பிறேக்கைப் பிடிச்சபடி நிக்க, தண்ணிக்கு நடுவில் கடற்கோட்டை தெரியும். போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் பிடிச்ச கோட்டை, இப்ப கடற்படை நடத்துற ஹொட்டேல். நாங்கள் ஓடாமல் எங்கட சைக்கிள் போகிற அந்தக் கொஞ்ச நேரம் எங்களுக்கு மிச்சம் பிடிக்கும். காரைநகரில் இறங்கி, பொன்னாலைப் பாலத்தால் திரும்பி, வட்டுக்கோட்டையால் வீடு. காலமைச் சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்திடலாம்.

நீண்ட விடுமுறை வந்தால் ஏ9 வழியாகத் தெற்கிலிருந்து பத்து, பதினைஞ்சு பேராகப் பெரிய சைக்கிள்களில் வருவினம். முழங்காலுக்குக் கவசம், ஹெல்மெற்றில் கமரா. பருத்தித்துறை வெளிச்சவீட்டடியிலயும் சக்கோட்டை முனையிலயும் நிண்டு படம் எடுப்பினம். ஒருக்கா சக்கோட்டையில் எங்களைக் கூப்பிட்டுத் தங்களை ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டவை. நல்ல பெடியள், பிஸ்கட்டும் தந்தவை. ஆனால் அண்டைக்குத் திரும்பி வரேக்க எங்களுக்குள் ஒரு கதை வந்தது. இந்தத் தீவின் வடக்கு முனையைப் பாக்க அவை நானூறு கிலோமீற்றர் ஓடி வந்திருக்கினம். முப்பது கிலோமீற்றரில் இருக்கிற நாங்கள் கலியாணத்துக்குப் பிறகுதான் முதல்முறையாகப் பாக்கிறம். எங்கட வீடுகளில் ஒருத்தரும் எங்களைக் கூட்டிக்கொண்டு போகேல்லை. ஏன் என்று அப்பாவைக் கேட்டால், "அங்க என்ன அலுவல்?" என்றார்.

அப்பா என்றால் எங்களில் ஒராளுக்கு அப்பா, மற்றாளுக்கு மாமா. வசதிக்கு அப்பா என்றே எழுதிறம். அவரிட்ட ஒரு எம்டி 90 இருந்தது, இப்பவும் கொட்டிலுக்குள் நிக்குது. 1990க்குப் பிறகு பெற்றோல் குடாநாட்டுக்கு வரத் தடை. மண்ணெண்ணெயில்தான் ஓட்டம். ஆனால் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பத்தாது. சூப்பிப் போத்தலில் கொஞ்சப் பெற்றோலை வைச்சு, காபரேற்றருக்குள் ரெண்டு துளி பீச்சி, உதைச்சு, எஞ்சின் சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாறுறது. பின்னால் வெள்ளைப் புகை. அந்த மணம் வந்தால் ஆரோ அவசரமாகப் போகினம் என்று அர்த்தமாம், ஏனென்றால் அவசரம் இல்லாமல் ஒருத்தரும் அதில் ஓடமாட்டினம். 1995 ஐப்பசி 30 இரவு, வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்குப் போனபோது, நாவற்குழிப் பாலத்தில் அந்தச் சைக்கிளை அவர் ஓடேல்லை, உருட்டினவர். சன நெரிசலில் ஓட இடமில்லை, மழை வேற, மேலே பாத்திரங்களும் உடுப்பும். பிறகு ஆமி வந்த காலத்தில் சென்றியடிகளிலும் உருட்டல்தான்: இறங்கு, ஹெல்மெற்றைக் கழட்டு, ஐசியைக் காட்டு, நடந்து கட, பிறகு ஏறு. குடாநாட்டை விட்டு வெளியில் போக முதலில் இயக்கத்தின்ர பாஸ், பிறகு ஆமியின்ர கிளியறன்ஸ். ரெண்டிலயும் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்ததாம். அவர் காரணம் இல்லாமல் எங்கயும் போனதில்லை. "அங்க என்ன அலுவல்?" என்று அவர் கேட்டது எங்களை மறிக்க இல்லை, அவருக்கு அது உண்மையிலேயே விளங்கேல்லை.

நாங்களும் எல்லா இடத்தையும் சும்மா கடக்கிறம் என்றில்லை. 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் எலும்புக்கூடுகளைக் கிண்டி எடுக்கத் தொடங்கின பிறகு, அந்த இடத்தால் போகேக்க எங்களுக்குள் கதை நிண்டுபோகும். நாவற்குழி தாண்டித்தான் திரும்பத் தொடங்கும்.

அப்பாவின்ர ஊர் வசாவிளான். 1990 ஆனியில் வெளிக்கிட்டது. 2025 சித்திரையில் வசாவிளான் – பலாலி வீதியை 35 வருசத்துக்குப் பிறகு சனத்துக்குத் திறந்தபோது ஒரு பலகை நிறைய நிபந்தனை போட்டவை. காலமை ஆறிலிருந்து பின்னேரம் ஐந்து மட்டும்தான். இடையில் நிப்பாட்டக் கூடாது, திருப்பக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, நடந்து போகக் கூடாது. பிறகு தளர்த்தினவை, ஆனால் நாங்கள் போனது திறந்த புதிதில். முதல்நாள் இரவு அப்பா தானாகவே கேட்டார்: "நாளைக்கும் ஓடுவியளோ?" ஓடுவம் என்றோம். "அப்ப நானும் வாறன்."

அவரை மகள் பல்சரில் ஏத்த, மருமகன் பின்னால் ஸ்கூட்டியில். மகள் ஓடுற சைக்கிளில் அவர் முதல்முறை ஏறினது அண்டைக்குத்தான். வசாவிளான் சந்தி வரைக்கும் தோளைப் பிடிக்கவா, சீற்றைப் பிடிக்கவா என்று கை தடுமாறிக்கொண்டிருந்தது. பலகையை நிண்டு முழுக்க வாசிச்சார். பிறகு சொன்னார்: "அப்ப இறங்கி நடக்கச் சொன்னவை. இப்ப இறங்க வேண்டாம் எண்டினம்." கொஞ்சம் பொறுத்து, "நிப்பாட்டக் கூடாது எண்டுதான் போட்டிருக்கு பிள்ளை. மெல்லப் போகக் கூடாது எண்டு போடேல்லை."

கோயில் வீதியில் போட்ட எட்டு அண்டைக்குத்தான் உதவினது. முதலாம் கியர், அரைக் கிளச், பின் பிறேக்கில் காலை முட்டினபடி, சைக்கிள் விழாமல் நிக்கக்கூடிய ஆகக் குறைஞ்ச வேகம். ரெண்டு பக்கமும் கம்பிவேலி, பத்தை, இடையில் கூரை போன சுவர்கள். அப்பா காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தார். இதில ஒரு கடை. இதில எங்கட கிணத்தடிக்குப் போற ஒழுங்கை, அந்தப் புளி நிக்குது பார், இல்லை அது இல்லை, அங்கால. கையை நீட்டக் கூடாது என்று பலகையில் இருக்கேல்லை, ஆனாலும் அவர் கையை நீட்டேல்லை, நாடியால் காட்டினார். வீடு வீதியில் இருந்து தெரியாது, உள்ளுக்கு. ஒரு இடத்தில் "மெல்ல" என்றார். அதுக்கு மேல் மெல்ல ஏலாது, எஞ்சின் திக்கத் தொடங்கிச்சு. பின்னால் ஒரு வான்காரர் ஹோண் அடிக்காமல், முந்தாமல், எங்கட வேகத்திலேயே வந்தார். அவரும் ஏதோ தேடினார் போல.

பலாலி முடிஞ்சு கரையோரத்தால் தொண்டைமானாறு போய், சந்நிதியில் சைக்கிளை விட்டம். கிளச் பிடிச்ச கை விறைச்சுப்போய், விரலை மடக்கேலாமல் இருந்தது. அன்னதானம் முடிஞ்சு ஆத்தங்கரையில் இருக்கேக்க அப்பா வீட்டைப் பற்றி ஒன்றும் கதைக்கேல்லை. பல்சரைச் சுத்தி வந்து பாத்தார், செயினைத் தட்டிப் பாத்து, தொய்ஞ்சிருக்கு, இறுக்கோணும் என்றார். பிறகு சங்குப்பிட்டிப் பாலம் எப்ப கட்டினது என்று கேட்டார். 2011 என்றோம். அதால இன்னும் போகேல்லை என்றார். அடுத்த ஞாயிறு அதுதான் போறம். எம்டி 90க்குப் புது காபரேற்றர் தேடிக்கொண்டிருக்கிறம், ஆரிட்டையும் இருந்தால் சொல்லுங்கோ.