நிஷிகியில் ஒரு முள்ளங்கி

கியோத்தோவுக்குச் செல்வோர் முதலில் கோயில்களைத் தேடுவார்கள். சகோதரர்களாகிய நாங்கள் இருவரும் கார்த்திகைக் குளிரில் அந்நகரில் இறங்கியதும் தேடிச் சென்றது சந்தையை. கும்பகோணத்தில் காய்கறிக்கடை வைத்திருந்தவரின் பிள்ளைகள் நாங்கள். மூத்தவன் கடையை விட்டு ஒசாகாவுக்கு வேலைக்குப் போனவன். இளையவன் அப்பாவின் மறைவுக்குப் பின் கல்லூரியை விட்டுக் கல்லாவில் அமர்ந்தவன். கடையை விற்பது குறித்துப் பேசவென்றே மூத்தவன் இளையவனை வரவழைத்திருந்தான்.

நிஷிகி, நானூறு மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளமுள்ள ஒரு சந்து. சிவப்பும் மஞ்சளும் பச்சையுமான கூரையின் கீழ் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள். 1615-இல் மீன் வணிகத்துக்கு அரசின் அங்கீகாரம் பெற்ற இடம் இது. பனிக்கட்டிப் பெட்டிகள் இல்லாத அக்காலத்தில் மீன் கெடாமல் காத்தது இங்குள்ள குளிர்ந்த நிலத்தடி நீர். சந்தின் கிழக்குக் கோடியில் உள்ள தென்மாங்கு ஆலயத்தில் அந்த நீர் இன்றும் வருகிறது. கையேந்திக் குடித்தோம்.

ஊறுகாய்க் கடையொன்றில் மரத்தொட்டி நிறையத் தவிடு. அதற்குள் புதைந்த காய்கள். இளையவன் குனிந்து முகர்ந்து, "நம் வீட்டு மாட்டுத்தொட்டி வாசனை" என்றான். கடைக்கார அம்மாள் ஒரு துண்டை நீட்டினார். நடந்துகொண்டே உண்ண வேண்டாம் என்பது இங்குள்ள வேண்டுகோள். ஓரமாக நின்று மென்றோம். மெல்லிய புளிப்பு; பிறகு உப்பு.

இதே சந்தில் காய்கறி மொத்த வணிகரின் மூத்த மகனாக 1716-இல் பிறந்தவர் ஓவியர் இத்தோ ஜாக்குச்சூ. தந்தைக்குப் பின் கடையை நடத்தியவர், 1755-இல் அதைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுத் தூரிகையோடு ஒதுங்கினார். ஆயினும் 1770களின் தொடக்கத்தில் சந்தையே மூடப்படும் ஆபத்து வந்தபோது, அதிகாரிகளிடம் நடையாய் நடந்து மீட்டவரும் அவரே. அவருடைய ஓவியமொன்றில் புத்தரின் பரிநிர்வாணக் காட்சி முழுவதும் காய்கறிகளாகவே இருக்கிறது. கவிழ்த்த கூடைமேல் வெள்ளை முள்ளங்கி படுத்திருக்க, மற்றக் காய்களும் கனிகளும் சூழ்ந்து துக்கம் காக்கின்றன. தாயின் மறைவை ஒட்டி வரைந்தது என்று கருதுவோரும் உண்டு.

மூத்தவன் இக்கதையைச் சொல்லி, கைபேசியில் படத்தைக் காட்டினான். இளையவன் நெடுநேரம் பார்த்தான். "சாரங்கபாணி மாதிரி பள்ளிகொண்டிருக்கு" என்றான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "கடையை வாங்கிக்கிட்ட அந்தத் தம்பி பேரு என்னண்ணே?"

மூத்தவனுக்குத் தெரியவில்லை. ஓவியரைப் பற்றி அத்தனை படித்தவன் அதை மட்டும் கவனித்திருக்கவில்லை. எங்களுக்கிடையே இருபது ஆண்டுகளாகப் பேசப்படாதிருந்தது அந்தக் கேள்விதான் என்பது இருவருக்கும் புரிந்தது.

மாலையில் கடைகளின் கதவுகள் இறங்கின. இறங்கிய கதவுகளில் ஜாக்குச்சூவின் ஓவியங்கள் தீட்டப்பட்டிருந்தன. விடுதிக்குத் திரும்பியதும் மூத்தவன் தேடிப் பிடித்தான். தம்பியின் பெயர் ஹாக்குசாய். அவரும் ஓவியம் வரைந்தவராம்.

விற்பனை குறித்து அன்றிரவு நாங்கள் பேசவில்லை. அதன் பின்னும் பேசவில்லை. அந்த ஓவியத்தின் அச்சுப்படம் ஒன்றை வாங்கி வந்தோம். கும்பகோணத்தில் கல்லாவுக்கு மேலே, அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில், முள்ளங்கி பள்ளிகொண்டிருக்கிறது.