சிரிப்பு விடையாகாது

அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் தலைநகர் ஃபீனிக்ஸ். 1997 மார்ச் 13-ஆம் நாள் இரவு. ஹேல்-பாப் வால்மீனைக் காணவென்று, அந்நாட்களில் மக்கள் முற்றத்திற்கு வந்து வானை நோக்கி நிற்பது வழக்கமாகியிருந்தது. எட்டு மணிக்குப் பின், வால்மீனைத் தேடிய கண்களுக்கு வேறொன்று தென்பட்டது. கூர்முனைக் கோண வடிவில் விளக்குகள் சில அணிவகுத்து வந்தன. ஓசையின்றி நகரின் மேல் ஊர்ந்தன. தென்கிழக்கே சென்று மறைந்தன. பத்து மணியளவில் மீண்டும் ஒளிகள்! இம்முறை அவை நகரவில்லை. அந்தரத்தில் தொங்குவனபோல் நின்று, ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. ஒரு மைல் அகலமுள்ள ஒரே ஊர்தி என்றனர் சிலர். தனித்தனி விளக்குகளே என்றனர் வேறு சிலர்.

இதனை எங்கள் படிப்பகத்தில் ஓர் இளைஞர் எடுத்துரைத்து, "அது வேற்றுலகத்தாரின் ஊர்தியாக இருக்குமோ, ஐயா?" என்று என்னைக் கேட்டார். உடனிருந்த தோழர்கள் கொல்லென்று சிரித்தனர். "நீயுமா பகுத்தறிவாளன்?" என்றார் ஒருவர். கேட்டவர் முகம் கவிழ்ந்தது. அந்தச் சிரிப்பு எனக்கு இனிக்கவில்லை. ஏன் இனிக்கவில்லை என்பதை விளக்கவே எழுதுகிறேன்.

ஃபீனிக்ஸிலும் ஒருவர் சிரிப்புக் காட்டினார். அவர் மாநில ஆளுநர் ஃபைஃப் சிமிங்டன். அவ்வாண்டு ஜூன் திங்களில் செய்தியாளர்களைக் கூட்டி, குற்றவாளி பிடிபட்டான் என்றார். விலங்கிட்டு அழைத்து வரப்பட்டவர் யார்? வேற்றுலக மனிதனாக வேடம் பூண்ட, அவருடைய உதவியாளர்! மன்றம் சிரித்தது. மக்களின் கேள்வியோ நின்ற இடத்திலேயே நின்றது. அதே சிமிங்டன், பதவி நீங்கிப் பத்தாண்டு ஆனபின், 2007-இல், அதனை நானும் கண்டேன், அது இவ்வுலகத்ததாகத் தோன்றவில்லை என்றார். ஆளுநர் நகைத்ததால் ஒரு செய்தி பொய்யாகிவிடுமா? முன்னாள் ஆளுநர் கண்டதால் அவர் கொண்ட கருத்து மெய்யாகிவிடுமா? பதவியும் சான்றல்ல, பரிகாசமும் சான்றல்ல.

பின், உண்மையை நாடியவர் யார்? பட்டமும் பதவியும் அற்ற ஓர் இளைஞர். வானியலில் ஆர்வங்கொண்ட அவர், அன்றிரவு தொலைநோக்கியுடன் தம் வீட்டில் இருந்தார். கோண வரிசை வந்தது. அவர் அஞ்சவில்லை, நகைக்கவுமில்லை, கருவியைத் திருப்பினார். கண்டது என்ன? உயரத்தில் அணிவகுத்துப் பறந்த விமானங்கள்! விளக்குகளுக்கு இடையே கிடந்த இருளைத்தான் மற்றவர் மனம் உடலாக்கி, ஊர்தியாக்கிக் கொண்டது. புள்ளிகளை இணைத்து உருவம் காண்பது மனத்தின் இயல்பு. விண்மீன்களை இணைத்து வேடனையும் தேளையும் கண்டதும் அதே மனந்தான்.

பத்து மணி ஒளிகள்? மேரிலாந்து மாநில வான்படைக் காவலரின் விமானங்கள், பயிற்சியின்போது நகருக்குத் தென்மேற்கே வீசிய வெளிச்சக் குண்டுகள். வான்குடையில் தொங்கி மெல்ல இறங்கிய அவை, எஸ்ட்ரெயா மலைத்தொடருக்குப் பின்னே ஒவ்வொன்றாக மறைந்தன. இந்த விளக்கம் மக்களை எட்டியதோ மாதங்கள் கழிந்தபின்! விடை தரவேண்டியவர் வேடிக்கை காட்டினால், வெற்றிடத்தில் கட்டுக்கதை குடியேறாமல் என்ன செய்யும்?

இரவில் எங்கேனும் ஒளி தெரிந்தால் கொள்ளிவாய்ப் பேய் என்பது நம் நாட்டுப்புறத்து வழக்கு. பேய் போய் ஊர்தி வந்திருக்கிறது. பெயர் மாறியது, ஆராயாமல் முடிவு கட்டும் அவசரம் மாறவில்லை. ஆராயாமல் சிரிப்பதும் அந்த அவசரத்தின் மறுபக்கமே அன்றோ!

தோழர்களே, ஏன், எப்படி என்று கேட்கக் கற்றுத் தந்தது நம் இயக்கம். கேட்டவரை நாணித் தலைகுனிய வைத்தால், அடுத்த ஐயத்தை அவர் நம்மிடம் கொண்டுவரார்; எல்லாம் அறிந்தவன் நானென்று கடை விரித்திருக்கும் சாமியாரிடம் கொண்டு செல்வார். அங்கே அவரைப் பார்த்து எவரும் சிரிப்பதில்லை. மடமையின் வாயிலுக்கு நாமே ஆள் அனுப்பலாமா? ஐயம் கொண்டு வருபவரை அருகில் அமர்த்துங்கள். அவர் கையில் தொலைநோக்கியைக் கொடுங்கள். வானம் அனைவருக்கும் பொது. அதனை ஆராயும் உரிமையும் பொது.