ரெண்டரை பத்துமலை

போன மாதம் ஏன் தொண்டுக்கு வரவில்லை என்று பல பேர் கேட்டிருந்தீர்கள். அம்மாவைப் பாரிஸுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன்.

அம்மாவுக்கு 71 வயது. பழைய காலண்டரில் வந்த ஈஃபிள் கோபுரப் படத்தை அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருப்பவர். "அடுத்த வருஷம் போகலாம்மா" என்று பதினைந்து வருஷம் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு திருவிழா வேலை வந்துவிடும்.

அங்கே போன பிறகுதான் அவர் முழங்கால் எவ்வளவு மோசம் என்றே எனக்குத் தெரிந்தது. பாரிஸ் மெட்ரோ 1900இல் ஓடத் தொடங்கியது. பல ஸ்டேஷன்களில் லிஃப்ட் கிடையாது, படிதான். முதல் நாளே பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "நீ போப்பா, நான் மெதுவா வரேன்." அன்றிலிருந்து பஸ்தான். வயதானவர்களோடு போகிறவர்கள் 69ஆம் எண் பஸ்ஸில் ஏறுங்கள். ஈஃபிள் கோபுரத்துப் பக்கமிருந்து லூவ்ர் வழியாகப் போகும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தே பாதி ஊரைப் பார்த்துவிடலாம்.

லூவ்ரில் மோனாலிசாவைப் பார்த்து, "நம்ம வீட்டு சாமி படத்தைவிடச் சின்னதா இருக்கே" என்றார். உயரம் 77 சென்டிமீட்டர்தான்.

ஈஃபிள் கோபுரம் 1889இல் உலகக் கண்காட்சிக்காகக் கட்டியது. இருபது வருஷத்தில் பிரித்துவிடுவதாக இருந்தார்களாம். வானொலி அலைக்கம்பம் வைக்க உதவியதால் தப்பித்தது. இன்று உயரம் 330 மீட்டர். லிஃப்ட் வரிசையில் நிற்கும்போது, இரண்டாம் தளம் வரைக்கும் 674 படி என்று சொன்னேன்.

"பத்துமலை எத்தனை?"

"272."

"அப்போ ரெண்டரை பத்துமலை" என்று சிரித்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்: "ஒரு தைப்பூசத்துக்குப் பால்குடத்தோட இறங்கி வரேன், நீதான் தண்ணி கொடுத்தே. முகத்தைக்கூடப் பார்க்கல. 'அடுத்து வாங்கம்மா'ன்னுட்டே."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சிரிக்க வரவில்லை. யார் யாரோ அம்மாவுக்கெல்லாம் நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

நோத்ர் தாம் தேவாலயம் 2019 ஏப்ரல் 15இல் தீப்பிடித்தது. கூரையும் கோபுர முனையும் விழுந்தன. திருப்பணி முடித்து 2024 டிசம்பரில் திறந்தார்கள். திருப்பணி என்றால் என்னவென்று நமக்குத் தெரியும், ஐந்து வருஷம் பெரிய காரியம். உள்ளே உட்கார்ந்த அம்மா, "இவ்வளவு பெரிய கோயிலையே சரி பண்ணிட்டாங்க, என் முட்டியைத்தான் யாராலயும் முடியல" என்றார். முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.

கடைசி இரவு, மணி அடித்ததும் கோபுரம் முழுக்க ஐந்து நிமிடம் விளக்குகள் மின்னின. அம்மா ஃபோட்டோ எடுக்க விடவில்லை. "சும்மா பாருடா."

இந்தச் சனிக்கிழமை அன்னதானத்துக்கு வந்துவிடுவேன். ஆனால் இரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவேன், யாரும் கோபித்துக்கொள்ளாதீர்கள். அம்மாவுக்கு முழங்கால் வைத்தியம் ஆரம்பித்திருக்கிறது. கூட்டிக்கொண்டு போவது நான்தான்.