சிவகாசி வேலியோரத்தில் ஓர் இரட்டை வண்ண மத்தாப்பு... இது சீமைக்கருவேலம் அல்ல!

விருதுநகரில் பஸ் ஏறி சிவகாசிக்குப் போகிறவர்கள் ஜன்னல் வழியே பார்ப்பது பெரும்பாலும் மூன்று விஷயங்களைத்தான். பட்டாசுக் கடைகளின் தள்ளுபடி போர்டுகள், பொட்டல் வெளியில் தள்ளித் தள்ளி நிற்கும் பட்டாசு ஆலை அறைகள், மிச்ச இடமெல்லாம் முள்ளுக்காடு.

"எல்லாம் சீமைக்கருவேலம்தான்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போனில் மூழ்கிவிடுவார்கள். ஆனால், அந்த முள்ளுக்குள் ஒரு மண்ணின் மைந்தனும் நிற்கிறது. பெயர், விடத்தலை. பேச்சுவழக்கில் வெடத்தலை. வெடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பட்டாசு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்!

பூவைப் பாருங்கள்... உடனே தெரியும்

மழை கண்டதும் பூக்கும் விடத்தலையை அடையாளம் காண்பது எளிது. கிளையில் இருந்து தொங்கும் ஒரே பூங்கொத்தில் மேல்பாதி இளஞ்சிவப்பு, கீழ்பாதி மஞ்சள். மத்தாப்பைத் தலைகீழாகப் பிடித்தது போல இருக்கும். மேலே இருக்கும் இளஞ்சிவப்புப் பூக்கள் காய்ப்பதில்லை. பூச்சிகளைக் கூப்பிடுவது மட்டுமே அவற்றின் வேலை. நாளாக ஆக அவை வெளுத்துவிடும். காய் பிடிப்பது கீழே உள்ள மஞ்சள் பூக்களில்தான்.

இதன் தாவரவியல் பெயர் டைக்ரோஸ்டாக்கிஸ் சினேரியா. முதல் சொல்லுக்கு 'இரு நிறக் கதிர்' என்று பொருள். இரண்டாவது, சாம்பல் நிறத்தைக் குறிக்கிறது.

பூ இல்லாத நாளில் என்ன செய்வது? முள்ளைப் பார்க்க வேண்டும். சீமைக்கருவேலத்தில் கணுவுக்கு ஒன்றோ இரண்டோ முள் இருக்கும். அந்த முள்ளில் இலை முளைக்காது. விடத்தலையில் குட்டிக் கிளையே நுனி கூர்ந்து முள்ளாகிவிடுகிறது. அதனால் முள்ளின் மேலேயே இலை துளிர்த்திருக்கும். தொடும்போது கவனம் தேவை. டயரையே பதம் பார்க்கும் முள் அது.

அடுத்து நெற்று. சீமைக்கருவேல நெற்று நீண்டு, வைக்கோல் நிறத்தில் தொங்கும். விடத்தலை நெற்றுகள், எண்ணெய்ச் சட்டியில் பிழிந்துவிட்ட முறுக்கு போலச் சுருண்டு, பழுப்பு நிறத்தில் கொத்தாகப் பின்னிக் கிடக்கும்.

பக்கத்திலேயே மஞ்சள் உருண்டைப் பூவும், மணி கோத்தது போன்ற காயுமாக நின்றால் அது நாட்டுக் கருவேலம். குடை விரித்தது போலத் தலை தட்டையாக இருந்தால் உடை மரம்.

சங்கப் புலவர் சொன்ன அடையாளம்

முறுக்கிய காயை வைத்து இந்தச் செடியை அடையாளம் சொல்வது புதிய விஷயமல்ல. பதிற்றுப்பத்தின் 13-வது பாடலில் குமட்டூர்க் கண்ணனார் இதை 'விடத்தர்' என்கிறார். போரில் பாழான நாட்டைக் காட்டும்போது, கரும்பு விளைந்த வயல் பொலிவிழந்து, காய் திருகிய விடத்தரும் கரிய உடையும் மண்டிக் கிடப்பதாகச் சொல்கிறார். கைவிட்ட நிலத்தில் முதலில் வந்து குடியேறும் செடி என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

ஆப்பிரிக்காவிலும் உறவுகள்

இதே விடத்தலை தென்னாப்பிரிக்காவிலும் காட்டுச்செடிதான். அங்கே நெற்றின் வளைவைப் பார்த்து 'அரிவாள் புதர்' என்றும், பூவைப் பார்த்து 'சீன விளக்கு மரம்' என்றும் அழைக்கிறார்கள். நமீபியாவில் அளவுக்கு மீறி மேய்ந்த புல்வெளிகளை இது மூடிக்கொள்வது பெரும் தலைவலி.

வெளியில் இருந்து போய்ச் சேர்ந்த கியூபாவிலோ விளைநிலங்களையே விழுங்கியது. ஆனாலும், இதன் விறகு கெட்டியானது, கரி தரமானது. அரை நூற்றாண்டுக்கும் மேலான வர்த்தகத் தடைக்குப் பிறகு, 2017 ஜனவரியில் கியூபாவில் இருந்து அமெரிக்காவுக்குப் போன முதல் ஏற்றுமதிச் சரக்கு, இந்தச் செடியைச் சுட்ட கரிதான்!

வெட்டும் முன் ஒரு நிமிடம்

நம் ஊரில் இது வந்தேறி அல்ல. வெள்ளாடு விரும்பித் தின்னும் நெற்று, வேலிக்கு முள், மண்வெட்டிக்குக் காம்பு என உழைக்கிற செடி. வறண்ட மண்ணை வேரால் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சீமைக்கருவேலத்தின் கதை வேறு. அமெரிக்கக் கண்டத்தில் இருந்து 19-ம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது. அதை அகற்ற 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2022-ல் அயல் தாவரங்களை அகற்றுவதற்கெனத் தமிழக அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. கண்மாய்க் கரைகளில் இயந்திரங்கள் இறங்குவது நல்லதுதான். ஆனால், இயந்திரத்துக்கு எல்லாமே முள். சீமைக்கருவேலத்தோடு விடத்தலையும் உடையும் சேர்ந்து போய்விட்டால், காலியான இடத்தில் மறுபடி முதலில் முளைப்பது சீமைக்கருவேலமாகத்தான் இருக்கும்.

அதற்கான வழி ரொம்பச் சுலபம். இயந்திரம் வருவதற்கு முந்தின நாள், ஊரில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு கண்மாயைச் சுற்றி வந்தால் போதும். அவர் விரல் நீட்டும் செடியில் எல்லாம் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வைத்துவிட்டால், விடத்தலை பிழைத்துக்கொள்ளும்.