நகரும் ஒளி

1988 பெப்ரவரி 17இல், தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில், ஆர். ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். 4130 ராமானுஜன் என்று அதற்குப் பெயர்.

ஷ்மித் தொலைநோக்கியின் கோள ஆடியும் திருத்தும் வில்லையும் வானத்தின் அகன்ற பரப்பைத் தெளிவாகக் காட்டும். ஒரே பகுதியை நேரம் விட்டுப் படமெடுத்து ஒப்பிட்டால், உடுக்கள் நின்ற இடத்தில் நிற்கும். நகர்ந்த புள்ளியே சிறுகோள்.

பின்னாளில் இதை வாசித்தபோது மனம் கனத்தது. உப்புவெளியில் எங்களுக்கு யுத்த காலத்தில் நகரும் ஒளி என்றால் பரா வெளிச்சம்தான். அது தெரிந்தால் உம்மா விளக்கணைத்துக் கதவைச் சாத்திவிடுவா.

இரண்டு ஊருக்கும் ஏறக்குறைய ஒரே வானம்தான். ஆராய்ச்சிக்கு நல்ல வில்லை மட்டும் போதாது. இரவில் அச்சமின்றி முற்றத்தில் நிற்கவும் முடியவேண்டும்.