பல்லாவரத்தில் பவளம் நறுக்குகிறவர்கள்

நாகல்கேணி, பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தண்ணீரின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1912-ல் சேம்பர்ஸ் என்பவர் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால்தான் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது. தோல் பதனிடும் ஆலைகள் ஆண்டுக்கணக்கில் விட்ட கழிவு நிலத்தில் இறங்கி, இந்த வட்டாரத்தின் நிலத்தடி நீரில் குரோமியமும் உப்பும் ஏறின. வாயில் வைக்க முடியாத கிணற்று நீர் உள்ள இந்த ஊரில், தண்ணீர் விஷயத்தில் துளி பிசகையும் பொறுக்காத ஓர் உயிரைச் சிலர் வீட்டுக்குள் வளர்க்கிறார்கள். வளர்ப்பதோடு நிற்காமல் அதை நறுக்கி, செலையூருக்கும் கீழ்க்கட்டளைக்கும் தாம்பரத்துக்கும் கொடுத்தனுப்புகிறார்கள். அதைப் பார்க்கத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜமீன் பல்லாவரத்தில் ஒரு மாடி வீட்டுக்குப் போனேன்.

வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். கூடத்தில் நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் கண்ணாடித் தொட்டி. 450 லிட்டர் பிடிக்கும். அவ்வளவு நீரையும் கடல்நீராக்க ஏறக்குறைய 16 கிலோ உப்பு வேண்டும். லிட்டருக்கு 35 கிராம் கணக்கு. சமையல் உப்பு ஆகாது. கால்சியம், மக்னீசியம் எல்லாம் கடலில் உள்ள அளவில் கலந்து விற்கும் உப்புதான் வேண்டும். லாரித் தண்ணீரை ஆர்.ஓ. எந்திரத்தில் விட்டு, அதன்பின் ரெசின் குழாயிலும் விட்டு, மீட்டர் பூஜ்யம் காட்டிய பிறகே உப்பைக் கலக்கிறார். தொட்டியில் ஆவியாகிப் போவது நீர் மட்டுமே, உப்பு அப்படியே தங்கிவிடும் என்பதால் தினமும் நல்ல நீரை ஊற்றி அளவைச் சரிக்கட்ட வேண்டும். சித்திரை வைகாசியில் வீட்டுக்குள்ளேயே சூடு 35 பாகைக்குப் போகும் ஊரில் தொட்டியை 26-ல் நிறுத்தி வைக்கச் சில்லர் வேண்டும். கடையில் அதன் விலை கேட்டால் பலர் திரும்பி வந்துவிடுவார்கள். இவர் பழைய கம்ப்ரசர் ஒன்றை வைத்துத் தானே செய்திருக்கிறார். நீருக்குள் போகும் சுருளில் செம்பு இருக்கக் கூடாது, டைட்டானியம்தான். செம்பு கொஞ்சம் கரைந்தாலும் முதுகெலும்பில்லாத உயிர்கள் எல்லாம் போய்விடும்.

தொட்டியில் அன்று நான் கண்டவை தொட்டி வளர்ப்பவர்கள் மென்பவளம் என்று அழைப்பவை. காளான் போல விரிந்து கிடக்கும் மஷ்ரூம், தடித்த மடல் விரித்து நிற்கும் லெதர், கல்லின் மேல் பூவிரிப்புப் போலப் படர்ந்த ஜோவா. இந்தத் தொழில் தெரிந்தவர்கள் ஜோவாந்திட் என்று நீட்டிச் சொல்வதில்லை. மானின் கொம்பு போலக் கிளைக்கும் வன்பவளம் ஒன்றுகூட இல்லை. ஏன் இல்லை என்பதற்கான காரணம் இந்தக் கதையின் பாதி. அதற்குப் பிறகு வருகிறேன்.

நறுக்குகிறவர் அவருடைய மனைவி. தையல் தெரிந்தவர், விரலில் அந்த நிதானம் இருக்கிறது. மேசையில் பிளாஸ்டிக் தட்டு, அறுவை பிளேடு, பற்குச்சி, ரப்பர் பேண்ட், சூப்பர் குளூவின் கெட்டியான வகை, பெட்டாடின் சில சொட்டு விட்ட ஒரு கிண்ணம் உப்புநீர்.

"சார், கிளவுஸ் போட்டுக்கோங்க. கண்ணாடியும் போட்டுக்கோங்க, தெறிக்கும்" என்றார். நான் கையுறையை மட்டும் எடுத்ததைப் பார்த்து, கண்ணாடியை அவரே எடுத்து நீட்டினார்.

அந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. ஜோவாவின் சொந்தக்காரப் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. ஹவாயில் மாவி தீவின் ஹானா பகுதியில் ஓர் அலைக்குட்டையில் இருக்கும் பாசியை ஈட்டியில் தடவினால் குத்துப்பட்டவன் பிழைக்க மாட்டான் என்று அந்த ஊரார் காலங்காலமாகச் சொல்லிவந்தார்கள். அங்கிருந்து எடுத்த உயிரிலிருந்து மூர், ஷோயர் என்ற வேதியியலாளர்கள் 1971-ல் அந்த நஞ்சைப் பிரித்தெடுத்தார்கள். உயிர்கள் உண்டாக்கும் பொருள்களில் மிகக் கொடியவற்றுள் ஒன்று அது. கையில் சிறு கீறல் இருந்தாலும், கண்ணில் ஒரு துளி பட்டாலும் ஆபத்து. வேண்டாத ஜோவாவை ஒழிக்கக் கல்லின் மேல் வெந்நீர் ஊற்றி, அந்த ஆவியை மூச்சில் இழுத்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் பல நாடுகளில் உண்டு. பல்லாவரத்து வீட்டில் இதற்கு மூன்று சட்டங்கள்: தண்ணீருக்கு வெளியே வைத்துத் தேய்க்கக் கூடாது, சூடு காட்டக் கூடாது, வேலை முடியும் வரை குழந்தைகள் கூடத்துக்கு வரக் கூடாது.

ஜோவா ஒரே வேர்த்தோலில் பல தலைகளாக வளரும். தலைக்கும் தலைக்கும் நடுவே உள்ள அந்தத் தோலில் பிளேடை இறக்க வேண்டும், தலையில் படக்கூடாது. இரண்டு மூன்று தலை சேர்ந்த துண்டாக அறுத்து, அடியைத் துணியில் ஒற்றி ஈரம் போக்கி, ஒரு சிறு கல்வட்டில் பசை தடவி அழுத்துகிறார். நீரில் விட்டதும் பசை இறுகிவிடும். தலைகள் மூடிக்கொள்கின்றன. ஓரிரு நாளில் மறுபடி விரியும் என்றார்.

மஷ்ரூம் இப்படி அடங்காது. அதன் உடம்பெல்லாம் வழுக்கும் கோழை, பசையே பிடிக்காது. அதை வாயின் நடுவே பிளேடு போகும்படி இரண்டாகவோ நான்காகவோ வெட்டி, கல் துணுக்குகள் பரப்பிய டப்பாவில் போட்டு மேலே வலைத்துணி கட்டிவிட வேண்டும். நீரோட்டம் குறைந்த மூலையில் கிடந்து ஒரு வாரம் பத்து நாளில் தானே ஏதாவது ஒரு துணுக்கைப் பிடித்துக்கொள்ளும். லெதருக்கு மடலின் ஓரத்தைத் துண்டாக அறுத்து, பற்குச்சியால் குத்திக் கல்லோடு ரப்பர் பேண்ட் போட்டால் போதும். ஆனால் வெட்டுப்பட்ட லெதர் பக்கத்தில் உள்ளவற்றை ஒடுக்கும் வேதிப்பொருள்களை நீரில் கலந்துவிடும். நகர முடியாத உயிருக்குச் சண்டை போட அதுதான் வழி. அதனால் அன்றைக்கு வடிகட்டியில் புதுக் கரி போடுவது கட்டாயம்.

அந்தக் கல்வட்டுகளையும் தொட்டிக்குள் இருக்கும் பாறைகளையும் கணவர் செய்கிறார். வெள்ளை சிமெண்ட், பொடித்த கிளிஞ்சல், கல்லுப்பு மூன்றையும் பிசைந்து, சின்ன வட்டுகளுக்கு ஐஸ் டிரேயிலும் பெரிய பாறைகளுக்கு மணலில் தோண்டிய குழியிலும் ஊற்றுவார். இறுகியபின் நீரில் போட்டால் உப்பு கரைந்து பொத்தல் பொத்தலாகும். சிமெண்டின் காரம் போக வாரக்கணக்கில் நீர் மாற்றி ஊறவைக்க வேண்டும். மொட்டைமாடியில் மூன்று டிரம்களில் பாறைகள் ஊறிக்கொண்டிருந்தன. உலகின் பல இடங்களில் கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறையைத் தொட்டியில் அடுக்குவதுண்டு. இங்கே அது முடியாது. அந்தப் பாறையே செத்த பவளத்தின் கூடு.

சட்டம் தெளிவாக இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் புலியும் யானையும் இருக்கிற முதல் அட்டவணையில் 2001-ல் பவளங்கள் சேர்ந்தன: பாறை கட்டும் வன்பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல் விசிறி. வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். குறைந்தது மூன்றாண்டுச் சிறை. ஜோவா, மஷ்ரூம், லெதர் ஆகியவை அந்தப் பட்டியலில் இல்லை. இந்த வீட்டார் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிற்கிறார்கள். வன்பவளத் துண்டு தருகிறேன் என்று ஒருவர் வலிய வந்தபோது வேண்டாம் என்று அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள்.

இந்தச் சட்டம் கடுமை என்று முணுமுணுப்பவர்கள் தூத்துக்குடியை நினைத்துப் பார்க்க வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி நின்ற பவளத்தைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமாகப் பல பத்தாண்டுகள் படகு படகாக வெட்டி எடுத்தார்கள். 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகும் அது உடனே நிற்கவில்லை. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று நீருக்கடியில். அலையைத் தடுத்த பவளம் போனால் மணல் தீவு எப்படி நிற்கும்? சுனாமிக்குப் பிறகுதான், 2005 வாக்கில், வெட்டுவது ஓய்ந்தது. அதற்கு முன்பே, 2002-லிருந்து, தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் அங்கே பவளத்தை நடத் தொடங்கிவிட்டார்கள். நல்ல நிலையில் இருக்கும் கூட்டத்திலிருந்து கிளைத்துண்டுகளை எடுத்து, சிமெண்ட் பலகைகளில் கட்டி, கடலடியில் இறக்கிய சட்டங்களின் மேல் வைக்கிறார்கள். கோடையில் நீரின் சூடு 30 பாகையைத் தாண்டிப் பல வாரம் நின்றால் பவளம் தனக்குச் சோறு போடும் பாசியை வெளியேற்றி வெளிறிவிடும். 2010-லும் 2016-லும் அது பெரிய அளவில் நடந்தது. நட்டதில் ஒரு பகுதி போகும். மறுபடி நடுவார்கள்.

அங்கே முக்குளித்து நடுகிறவர் செய்வதும் இங்கே கூடத்தில் உட்கார்ந்து இந்தப் பெண்மணி செய்வதும் அடிப்படையில் ஒரே வேலை. செம்பருத்திக் கொம்பை ஒடித்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது போல, ஒரே உயிரைத் துண்டாக்கி வேறிடத்தில் ஊன்றுவது. வெளிநாட்டில் இரண்டு வேலைகளும் சந்தித்திருக்கின்றன. ஃபுளோரிடாவில் கென் நெடிமையர் அலங்கார மீன் பிடித்தும் தொட்டிகளுக்கான பாறைகளைக் கடலில் வளர்த்தும் விற்றவர். அனுமதி பெற்று அவர் போட்ட பாறைகளில் மான்கொம்புப் பவளம் தானாக வந்து ஒட்டியது. வெளியே கடலில் அது அழிந்துகொண்டிருந்த நேரம். அவர் அதை நறுக்கி வளர்த்தார். அதிலிருந்து 2007-ல் ஒரு பவள மீட்பு நிறுவனம் உருவாகி, ஃபுளோரிடாவின் பவளத் திட்டுகளுக்கே நாற்று கொடுத்தது. அதே கரையில் மோட் ஆய்வகத்தின் டேவிட் வாகன், கை தவறி உடைந்த பவளத்தின் சிறு துணுக்குகள் பெரிய துண்டுகளை விட வேகமாக வளர்வதைப் பார்த்தார். இப்போது ஆய்வகங்கள் நகக்கண் அளவுத் துணுக்காக அறுத்து வளர்க்கின்றன. நம் ஊரில் தடை இருக்கட்டும், அது வேண்டும். ஆனால் ஏசி மெக்கானிக் ஒருவர் சொந்தமாகச் செய்த சில்லரையும், பசையும் பிளேடுமாகப் பழகிய இந்தக் கைகளையும் வனத்துறையும் ஆராய்ச்சி நிலையங்களும் கண்காணிப்போடு பயன்படுத்திக்கொள்ள ஒரு வழி இருக்க வேண்டும் என்றே எனக்குப் படுகிறது. பவள நாற்றங்காலுக்கு ஆள் தேடினால் பல்லாவரத்தில் இருக்கிறார்கள்.

அந்த வீட்டில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. எந்தத் துண்டு, எந்தத் தேதி, யாருக்கு. பணப் பத்தி கிடையாது. செலையூர் வங்கி ஊழியருக்கு ஆரஞ்சு ஜோவா, கீழ்க்கட்டளை மாணவருக்குப் பச்சை மஷ்ரூம், தாம்பரத்து ஆசிரியைக்கு லெதர். வாங்கியவர் வளர்த்து, நறுக்கி, இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது மட்டுமே பேச்சு. கொடுத்ததும் நோட்டில் ஒரு கோடு கூடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இந்த நோட்டுக்கு வேலை வந்தது. மின்சாரம் போய், இன்வெர்ட்டரும் தீர்ந்து, பேட்டரிக் காற்றுப் பம்பும் நின்றபோது, 450 லிட்டரில் இருந்த அத்தனையும் மூச்சடைத்தது. ஒன்று செத்து நீர் கெட்டால் மற்றதும் சாகும். "நாத்தம் தெரு வரைக்கும் வந்துச்சு சார். பாறையெல்லாம் கழுவி மாடியில ஏத்திட்டு, இனி வேணாம்னுதான் இருந்தோம்" என்றார் கணவர். மனைவிதான் நோட்டை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். செலையூரில் ஜோவா உயிரோடு இருந்தது. மாணவரிடம் மஷ்ரூம் போய்விட்டது. ஆனால் அவர் குரோம்பேட்டையில் கொடுத்த துண்டு இருந்தது. நான் பார்த்த தொட்டியில் இருந்தவற்றில் பெரும்பாலானவை அப்படித் திரும்பி வந்தவை. அதே உயிர். வேறு வீட்டில் இருந்து வளர்ந்து, தன் வீட்டுக்கு மறுபடி வந்தது. கொடுக்காமல் வைத்திருந்த ஒரு நீல லெதர் மட்டும் இனி இல்லை.

இதை நான் வெறும் தாராள குணமாகப் பார்க்கவில்லை. ஓர் உயிரைக் காப்பாற்ற இவர்கள் கண்டுபிடித்த முறையே இந்தப் பகிர்வு. அதற்கும் ஒரு குறை உண்டு. ஒன்றிலிருந்து நறுக்கி வளர்த்தவை எல்லாம் ஒரே மரபின் நகல்கள். ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கும், ஒன்று தாங்காத சூட்டை எதுவும் தாங்காது. கடலில் பல பவளங்கள் ஆண்டின் குறித்த சில இரவுகளில் முட்டையும் விந்தும் வெளியிட்டுப் புதுக் கலப்பை உண்டாக்குகின்றன. தொட்டியில் அது எளிதில் நடக்காது. கடலைக் காப்பாற்றாமல் துண்டுகளை மட்டும் காப்பாற்றிவிட முடியாது என்று கணவரிடம் சொன்னேன். மறுக்கவில்லை. முதலில் வந்த துண்டு ஏதோ ஒரு கடலிலிருந்து எடுத்ததுதானே என்றார். அதனால்தான் புதிதாகக் கடலிலிருந்து எடுத்ததை யாரும் வாங்கக் கூடாது என்பது அவர்களுக்குள் உறுதி. இருப்பதை நறுக்கினாலே தென்சென்னைக்குப் போதும்.

பதினொரு மணிக்கு மேல் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வங்கி ஊழியர் ஒரு ஐஸ்பெட்டியோடு வந்தார். பிளாஸ்டிக் பையில் பாதி நீர், பாதி காற்று அடைத்து, இருட்டாக இருக்கும்படி செய்தித்தாள் சுற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்குப் போனதும் நேரே தொட்டியில் கவிழ்க்காமல் சொட்டுச் சொட்டாக நீரைப் பழக்க வேண்டும், கல்லின் அடியில் பூச்சி முட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்ததையே மறுபடியும் சொன்னார்கள். அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

கடைசியாக வந்தவன் திரிசூலத்துப் பையன், பத்தொன்பது இருபது வயது இருக்கும். வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய தொட்டி ஒன்று வாங்கியிருக்கிறான். போன வாரம்தான் உப்புநீர் ஊற்றினானாம்.

"அக்கா, ஒரு ஜோவா குடுங்கக்கா. நல்லாப் பாத்துக்கறேன்."

"அம்மோனியா பாத்தியா?"

"இன்னும் பாக்கலக்கா."

அவர் ஜோவா கொடுக்கவில்லை. மாடியில் ஊறிய பாறை இரண்டைக் கொடுத்தார். தன் தொட்டியின் வடிகட்டிப் பஞ்சில் கைப்பிடி வெட்டிப் பையில் போட்டார். அதில் இருக்கும் நுண்ணுயிர்கள் அவன் நீரைப் பக்குவப்படுத்தும். சோதனைப் பெட்டியையும் இரவலாகக் கொடுத்து, தினமும் பார்த்து எழுதி வைக்கச் சொன்னார். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்து இரண்டு வாரம் அப்படியே நின்றால் வா, துண்டு தருகிறேன் என்றார். அவன் முகம் கொஞ்சம் வாடியது. நோட்டில் அவன் பெயரை எழுதி, எதிரே இடம் விட்டுவைத்தார்.